தவக்காலத்தில் கன்னியர்மடத்தில் தங்கிப் படிப்பது பற்றி ஆலோசனை தேவை

கேள்வி
எழுதியவர்: பாசையூர் மாணவி

வணக்கம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் இரண்டாம் வருடத்தில் படிக்கிறேன். துறவற அழைத்தலைப் பற்றிச் சில காலமாகச் சிந்தித்து வருகிறேன். திருநெல்வேலியில், வளாகத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு கன்னியர்மடத்தில் இந்தத் தவக்காலம் முழுவதும் தங்கி, அங்கிருந்தே விரிவுரைகளுக்குப் போய்வர எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் இவ்வாண்டு (2026) பெப்ரவரி 18ஆம் திகதி வருகிறது. அதற்கு முந்திய நாள் மாலை, இரவுச் செபத்துக்கு முன்னர் வந்துசேரும்படி சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு ஆயத்தமாக நான் செய்ய விரும்பும் ஒறுத்தல்களை எழுதி வைத்திருந்தேன். ஞாயிறு தவிர்ந்த எல்லா நாளும் காலை உணவை விடுவது, தலையணை இல்லாமல் பாயில் படுப்பது, கைத்தொலைபேசியில் வட்ஸ்அப் தவிர வேறெதையும் பார்க்காமல் இருப்பது, இரவில் எல்லோரும் படுத்த பின்னர் ஒரு மணித்தியாலம் நற்கருணைக்கு முன்னால் தனியாக இருப்பது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. மடத்துத் தலைவியிடம் அந்தத் தாளைக் காட்டியபோது அவர் முழுவதையும் நிதானமாக வாசித்துவிட்டு, "முதல் கிழமைக்கு இவற்றில் ஒன்றையும் தொடங்க வேண்டாம். வீட்டு ஒழுங்கை மட்டும் கடைப்பிடியும், பிறகு கதைப்போம்" என்று சொன்னார்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆயினும் எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. வீட்டில் என் அம்மா தவக்காலத்து வெள்ளிக்கிழமைகள் எல்லாவற்றிலும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு) பிடிப்பவர். விபூதிப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் கஞ்சி மட்டுமே குடிப்பவர். ஒரு துறவற இல்லத்தில் வீட்டை விடக் கூடுதலாகத்தானே தவம் இருக்க வேண்டும்? அங்கே போய், வீட்டில் செய்ததைக் காட்டிலும் குறைவாகச் செய்வதானால், தவக்காலத்தில் அங்கே தங்குவதன் பொருள் என்ன? இத்தகைய வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். விரிவுரைகளும் ஒப்படைகளும் இருக்கும் நாட்களில் உண்ணா நோன்பை எப்படிச் சமாளிப்பது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1
எழுதியவர்: மடத்துச் சகோதரி

அன்புள்ள தங்கைக்கு, நான் வேறொரு சபையைச் சேர்ந்தவள். உங்களைப் போலவே மடத்திலிருந்து இதே வளாகத்துக்குப் போய்வந்து பட்டம் பெற்றவள். உங்கள் தலைவி உங்களிடம் தவத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. நீங்கள் இன்னும் காணாத ஒரு தவத்தை முதலில் காணும்படி சொல்லியிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

வீட்டு ஒழுங்கு என்று அவர் குறிப்பிட்டது என்ன என்பதைச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னர் மணி அடிக்கும். காலைப் புகழ், தியானம், திருப்பலி, அதன் பின்னர் காலை உணவு, எட்டு மணி விரிவுரை. மாலையில் திரும்பியதும் மாலைப் புகழ், உணவு, பாத்திரம் கழுவும் முறை, படிப்பு, இரவுச் செபம். இரவுச் செபத்துக்குப் பின்னர் மறுநாள் காலைவரை ஒருவரோடு ஒருவர் பேசாத பெருமௌனம். தவக்காலத்தில் இதனோடு வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதை சேரும். பல இல்லங்களில் ஒருவேளை உணவின்போது பேச்சை நிறுத்தி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டு உண்பார்கள். காகிதத்தில் இது கடினமாகத் தெரியாது. ஆனால் உங்களுக்குச் செபிக்க மனமில்லாத நேரத்தில் செபத்துக்கும், பாதி எழுதிய ஒப்படையை விட்டுவிட்டுக் குசினிக்கும், கதைக்க வேண்டும் போல் இருக்கும் இரவில் மௌனத்துக்கும் ஒரு மணி உங்களைக் கூப்பிடும். அந்த மணிக்கு உடனே எழுந்து போவது, நாமாகத் தெரிந்தெடுத்த எந்த உண்ணா நோன்பை விடவும் எனக்குக் கடினமாக இருந்தது. காலை உணவை விடுவது என் தீர்மானம். அதில் என் விருப்பமே ஆட்சி செய்கிறது. மணியோசைக்கு எழுவதில் என் விருப்பத்துக்கு இடமே இல்லை.

மேற்றிசைத் துறவற மரபின் தந்தையான புனித பெனடிக்ற் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குநூலின் 49ஆவது அதிகாரம் தவக்காலத்தைப் பற்றியது. துறவியின் வாழ்வு எக்காலமும் தவக்காலம் போலவே இருக்க வேண்டும், ஆயினும் அதற்கு வலுவுள்ளவர்கள் சிலரே என்பதால் இந்த நாட்களிலாவது அப்படி வாழுங்கள் என்று அது தொடங்குகிறது. உணவு, பானம், உறக்கம், பேச்சு, கேலி ஆகியவற்றில் ஒவ்வொருவரும் தாமாக எதையாவது குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அப்படிக் குறைப்பதை மடாதிபதியிடம் தெரிவித்து, அவருடைய செபத்தோடும் இசைவோடும் செய்ய வேண்டும் என்றும், ஆன்மீகத் தந்தையின் அனுமதியின்றிச் செய்யப்படுவது துணிச்சலாகவும் வீண்பெருமையாகவுமே எண்ணப்படும் என்றும் முடிக்கிறது. நீங்கள் தாளைக் காட்டியது மிகச் சரியான செயல். காட்டியவர், கிடைத்த பதிலையும் ஏற்றுக்கொள்வதே அந்தச் செயலின் மறுபாதி. அதே நூலின் 48ஆவது அதிகாரம், தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் கொடுக்கப்பட வேண்டும், அதை முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காக வாசிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எங்கள் இல்லத்தில் இன்றும் இந்த வழக்கம் உண்டு. தெரிந்தெடுப்பது நாங்கள் அல்ல, தரப்படுவதை வாசிக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைத் தலைவி உங்களிடம் நேரடியாகச் சொல்லத் தயங்கியிருக்கலாம். மடத்தில் முதிய சகோதரிகள் இருப்பார்கள். நீரிழிவு உள்ளவர்கள், நேரத்துக்கு மருந்து எடுப்பவர்கள் இருப்பார்கள். இளையவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் காலை உணவை நாள்தோறும் தவிர்த்தால், உண்ண வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் ஒரு முதியவர் தம் கோப்பையைக் கையில் எடுக்கக் கூச்சப்படுவார். இதை நான் கண்டிருக்கிறேன். பொது மேசையில் வைக்கப்பட்டதை வைத்த அளவில், முகம் சுளிக்காமல், பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் பரிமாறி உண்பது மடத்தில் ஓர் உண்மையான ஒறுத்தல். புட்டு உலர்ந்திருக்கலாம், சொதியில் உப்புக் குறைந்திருக்கலாம். சமைத்தவர் உங்களைப் போலவே விரிவுரைக்கோ பாடசாலைக்கோ போய்வந்து, முறைக்குச் சமைத்தவர்.

இரவில் தனியாக நற்கருணை முன் இருப்பதைப் பற்றி: அந்த விருப்பத்தை விட்டுவிட வேண்டாம். ஆனால் உறக்கம் குறைந்து, மறுநாள் தியானத்தில் தூங்கி, விரிவுரையில் தூங்கி, மாலையில் சிடுசிடுப்போடு திரும்பினால் அந்த மணித்தியாலத்தின் சுமையை உங்களோடு வாழ்பவர்களே சுமப்பார்கள். மாலைப் புகழுக்கு முன்னர் கால் மணி நேரம் முந்தி வந்து இருக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் 2
எழுதியவர்: குருநகர் ஓய்வுநிலை ஆசிரியர்

பிள்ளைக்கு, சகோதரி எழுதியதில் பெரும்பகுதியோடு நான் உடன்படுகிறேன். ஒன்றில் மட்டும் சிறிது வேறுபடுகிறேன். உடலை ஒறுப்பதை நாம் மிக விரைவாக இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிடுகிறோம். பசி என்றால் என்ன என்பதை ஒரு நாளாவது உடலால் அறியாதவர், பசித்தவரைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அது பேச்சாகவே இருக்கும். ஆகவே முதல் கிழமை முடிந்த பின்னர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தலைவியிடம் நீர் மறுபடியும் போகத்தான் வேண்டும்.

உண்ணா நோன்பைச் சமாளிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர். திருச்சபை கட்டளையாகக் கேட்பது உண்மையில் மிகக் குறைவு. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் பழைய ஒழுங்குகளைத் திருத்தியமைத்தார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அவற்றையே தழுவி நிற்கிறது. அதன்படி ஒருசந்திக்குரிய நாட்கள் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. 18 வயது நிறைந்தவர்களை 59 வயது நிறையும்வரை இது கட்டுப்படுத்தும். அன்று ஒருவேளை முழு உணவு உண்ணலாம். காலையிலும் மாலையிலும் சிறிதளவு உட்கொள்வதும் தடை அல்ல. இறைச்சியைத் தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்த எல்லோருக்கும் உரியது. வெள்ளிக்கிழமையில் பெருவிழா ஒன்று வந்தால் அந்தக் கடமை நீங்கும். நோயுற்றவர்களுக்கு விலக்கு உண்டு. எனவே விரிவுரை நாட்களில் மயங்கி விழும் அளவுக்கு எவரும் உம்மிடம் கேட்கவில்லை. பெப்ரவரி கழிந்தால் வெயில் ஏறிவிடும். தண்ணீர் குடிப்பதை ஒருபோதும் குறைக்க வேண்டாம்.

இங்கே கரையோரத்தில் வாழும் நமக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சட்டத்தில் தவிர்க்கச் சொல்லப்படுவது இறைச்சியே. மீனுக்குத் தடை இல்லை. பாசையூரிலும் குருநகரிலும் வெள்ளிக்கிழமை நண்டுக் கறியும் இறால் பொரியலும் வைத்து உண்டாலும் எழுத்தளவில் சட்டம் மீறப்படவில்லை. ஆனால் மீனே அன்றாட உணவாக இருக்கும் ஊரில், ஆட்டிறைச்சியைத் தவிர்த்து நல்ல பாரை வாங்கிச் சமைப்பது தவமாகாது என்பதை நம் தாய்மார் எவருடைய போதனையும் இன்றியே அறிந்திருந்தார்கள். உம்முடைய தாயார் கஞ்சி குடிப்பது அந்த அறிவின் தொடர்ச்சிதான். அதை மடத்து ஒழுங்கோடு ஒப்பிட்டு, எது கூடியது எது குறைந்தது என்று பார்க்க வேண்டாம். அவர் பிடிக்கும் ஒருசந்தியும் குடும்பத்தின் நடுவில், எல்லோருக்கும் சமைத்துக் கொடுத்துவிட்டுப் பிடிப்பதுதானே.

யாழ்ப்பாணத்தில் தவக்காலம் தனியொருவருடைய காரியமாக ஒருபோதும் இருந்ததில்லை. யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 18ஆம் நூற்றாண்டில் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றித் தமிழில் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைக் கோவிலில் கூடியிருந்து இராகத்தோடு பாடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி அதன் நீண்ட பகுதிகளை மனப்பாடமாகச் சொல்லுவார். 1965இல் மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தைத் தவக்காலத்தில் மேடையேற்றிவந்தபோது, கிறிஸ்தவர்கள் மட்டுமல்லாது சைவர்களும் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். தவக்காலத் தவம் உள்ளார்ந்ததும் தனிப்பட்டதுமாக மட்டும் இராமல், வெளிப்படையானதும் சமூகத்தன்மை கொண்டதுமாக இருக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டைப் பற்றிய ஏட்டில் கூறியது. நாம் அதைப் பரம்பரையாகச் செய்துகொண்டிருந்தோம்.

அதனால் ஒரு கேள்வியை மட்டும் தலைவியிடம் கேளும்: உணவில் மிச்சம் பிடிக்கும் பணம் எங்கே போகிறது? விபூதிப் புதனுக்குப் பிறகு வரும் வெள்ளியன்று திருப்பலியில் எசாயா 58ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். பசித்தோருக்கு உணவைப் பகிர்ந்து கொடுப்பதும், தங்க இடமற்றோரை இல்லத்துக்கு அழைத்து வருவதுமே ஆண்டவர் விரும்பும் நோன்பு என்று அந்த வாசகம் சொல்கிறது. மிச்சம் பிடித்தது இல்லத்தின் செலவுக் கணக்கிலேயே கரைந்துபோனால், அது சிக்கனம் என்ற அளவில் நின்றுவிடும்.

பதில் 3
எழுதியவர்: முன்னாள் விடுதி மாணவி

நான் சைவ சமயத்தைச் சேர்ந்தவள். இந்தத் திரியில் எழுதலாமா என்று யோசித்தேன். கன்னியர்மடத்தோடு சேர்ந்த ஒரு விடுதியில் தங்கியே என் பட்டப்படிப்பை முடித்தேன் என்பதால் எழுதுகிறேன்.

தவக்காலத்தில் சகோதரிகள் எங்களை எதையும் கடைப்பிடிக்கச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைகளில் விடுதி முழுவதற்கும் சைவச் சாப்பாடுதான். அது எங்களில் பலருக்கு வீட்டு வழக்கமே என்பதால் வித்தியாசமாகத் தெரியவில்லை. நான் கவனித்தது வேறொன்று. அந்த நாட்களில் சகோதரிகளின் பேச்சுத்தான் குறைந்தது, முகமலர்ச்சி குறையவில்லை. பரீட்சைக் காலத்தில் நாங்கள் இரவு நெடுநேரம் விழித்திருந்து படித்தபோது, பெருமௌனத்தைக் கலைக்காமலே ஒரு சகோதரி தேநீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவார். அவர் அன்று எதை உண்டார், எதை உண்ணவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நம்முடைய வளாகத்தின் சூழலையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில், 1974இல் தொடங்கிய வளாகம் இது. அதன் நடுவில் பரமேஸ்வரன் ஆலயம் இருக்கிறது. இவ்வாண்டு மகா சிவராத்திரி பெப்ரவரி 15இல் வருகிறது; மூன்று நாள் கழித்து உங்கள் விபூதிப் புதன்; அதையொட்டியே ரமழானும் தொடங்குகிறது. உங்கள் வகுப்பில் நோன்பு இருப்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்க மாட்டீர்கள். ரமழானில் என் முஸ்லிம் தோழிகள் பகலில் தண்ணீரும் குடிக்காமல் விரிவுரைகளில் இருந்தார்கள். அதைப் பற்றி அவர்களாக எதுவும் பேசுவதில்லை. நாங்கள் கேட்டால் மட்டும் விளக்குவார்கள். நெற்றியில் சாம்பலோடு நீங்கள் வகுப்புக்கு வரும்போது தோழிகள் கேட்பார்கள். நாங்களும் நீறு பூசுகிறவர்கள்தான் என்பதால் அக்கறையோடுதான் கேட்பார்கள். சுருக்கமாக, உண்மையாகச் சொல்லுங்கள்.

பாசையூர் மாணவியின் பின்குறிப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதிய சகோதரிகளைப் பற்றி எழுதப்பட்டதை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு, முதல் கிழமை வீட்டு ஒழுங்கோடு மட்டும் போவதென்று தீர்மானித்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. தவக்காலத்தில் வரும் கச்சதீவு புனித அந்தோனியார் திருவிழாவுக்கு எங்கள் குடும்பத்தார் வழமையாகப் படகில் போவார்கள். இம்முறை நானும் போகலாமா, அல்லது மடத்தில் தங்கியிருக்கும் காலத்தில் அது முறையில்லையா? அடுத்தது, பரிசுத்த வாரத்தில் வீட்டுக்கு வரும்படி அம்மா கேட்கிறார். நானோ அந்த நாட்களை மடத்திலேயே முழுமையாகக் கழிக்க ஆசைப்படுகிறேன். ஆனால் அதுவும் என் விருப்பத்துக்கு நானே கொடுக்கும் இடமோ என்று இப்போது தோன்றுகிறது.

பதில் 4
எழுதியவர்: மடத்துச் சகோதரி

ஆசிரியர் ஐயா உடல் ஒறுத்தலைப் பற்றி எழுதியதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். பணத்தைப் பற்றிய கேள்வியையும் தயங்காமல் கேளுங்கள். எங்கள் இல்லத்தில் தவக்காலப் பெட்டி ஒன்று உணவறை வாசலில் இருக்கும்; கிழமைதோறும் உணவில் குறைத்ததன் பெறுமதியைக் கணக்குப் பொறுப்பாளர் அதில் இடுவார். உயிர்ப்பு விழாவுக்குப் பின்னர் அதை என்ன செய்வது என்று எல்லோரும் கூடித் தீர்மானிப்போம். இளையவர்களுக்கும் அதில் சொல் உண்டு.

கச்சதீவைப் பற்றி: போவதில் முறைகேடு எதுவும் இல்லை என்பது என் கருத்து. அங்கே திருவிழாவின் முதல் நாள் சிலுவைப் பாதை நடைபெறும். இலங்கை, இந்தியா ஆகிய இரு கரையிலிருந்தும் வரும் மக்களோடு சேர்ந்து நிலத்திலும் மணலிலும் இருந்து செபிப்பதும், கிடைத்த இடத்தில் படுத்து எழும்புவதும் தவக்காலத்துக்கு மிகப் பொருத்தமானவை. ஆனால் தீர்மானத்தை நீங்களே எடுத்துவிட்டு அனுமதிக்காகப் போகாதீர்கள். குடும்பத்தின் வழமையைத் தலைவியிடம் சொல்லி, எது நல்லது என்று கேளுங்கள். போக வேண்டாம் என்று சொன்னாலும் காரணம் இருக்கும்.

பரிசுத்த வாரத்தைப் பற்றி என்னால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும். பெரிய வியாழன் மாலை தொடங்கி உயிர்த்த ஞாயிறுவரை ஒரே கொண்டாட்டம். அதைத் துண்டு துண்டாக்க வேண்டாம். வியாழன் மாலை பாதம் கழுவும் சடங்கும் அதன் பின்னரான ஆராதனையும், வெள்ளியன்று திருச்சிலுவை ஆராதனையும், சனி இரவு பாஸ்காத் திருவிழிப்பும் ஒரே இடத்தில், ஒரே மக்களோடு நடந்தால்தான் அவற்றின் தொடர்ச்சியை உணர முடியும். எங்கே என்பதே கேள்வி. பல மடங்களில் இந்த மூன்று நாட்களும் சகோதரிகள் பங்குக் கோவிலுக்கே போய், அங்குள்ள மக்களோடு சேர்ந்து கொண்டாடுவார்கள். உங்கள் மடம் அப்படிச் செய்தால், உங்கள் சொந்தப் பங்கில் அம்மாவின் பக்கத்தில் நின்று கொண்டாடுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மடத்தில் தங்கிப் பார்ப்பது உங்களை வீட்டிலிருந்து பிரிப்பதற்காக ஏற்படுத்தப்பட்டதல்ல. நாற்பது நாட்கள் மகளை விட்டுக்கொடுத்திருக்கும் தாயின் பங்கையும் எண்ணிப் பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், குருத்தோலை ஞாயிறு முடிந்ததும் தலைவியிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகப் பேசி, இருவரும் சொல்வதைக் கேட்ட பின்னரே முடிவெடுப்பேன். வீட்டுக்குப் போவதென்று முடிவானால், புதன்கிழமை மாலைக்குள் குசினி முறையையும் உங்களுக்குத் தரப்பட்ட மற்ற வேலைகளையும் இன்னொருவரிடம் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அந்த வாரத்தில் மடத்தில் வேலை அதிகமாக இருக்கும்.

விரிவுரை ஒப்படைகளைப் பரிசுத்த வாரத்துக்கு முன்னரே முடித்துவிட முயலுங்கள். ஐந்தாம் ஞாயிற்றுக்குப் பின்னர் வழிபாட்டு ஆயத்தங்கள், பாடற்பயிற்சி, கோவில் துப்புரவு என்று மாலைகள் நிறைந்துவிடும். மார்ச் 19இல் புனித சூசையப்பர் பெருவிழாவும் 25இல் மங்கள வார்த்தைப் பெருவிழாவும் வருகின்றன. தவக்காலத் திருப்பலிகளில் வழமையாகப் பாடாத வானவர் கீதத்தை அந்த இரு நாட்களிலும் பாடுவோம். மேசையிலும் விருந்து இருக்கும். அன்று ஒறுத்தல் என்று சொல்லி ஒதுங்கி இராமல், எல்லோரோடும் அமர்ந்து மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள்.